ஒன்றுக்கு ஒன்பது

மேட்டூரை அடைத்துப் பன்னிரண்டு நாள்.
முள்ளியாறு நின்றுவிட்டது,
மதகடிப் பள்ளத்தில் மட்டும்
முழங்காலளவு தண்ணீர், டீ நிறத்தில்.
அதில்தான் நூர்நிஷாவின் அண்ணன்
கொசுவலை போட்டு அள்ளி வந்தான்
ஜிலேபிக் கெண்டை, ஒரு சாண்.
"பரீட்சைக்கா? கொழம்புக்குன்னா
பெருசா பார்த்திருப்பேனே."

பதினொன்றாம் வகுப்பு, திட்டம் எண் பதினேழு:
எலும்பு மீனின் செரிமான மண்டலம்.

ஃபார்மலின் பீரோவில் இருந்தது.
பீரோச் சாவி உத்திராபதி அண்ணனிடம்.
உத்திராபதி அண்ணன் மூன்று நாள் லீவில்.
அதுவரை மீன் எங்கள் ஃப்ரீசரில்
மாவுப் பாத்திரத்துக்கு அடியில் கிடந்தது,
அம்மாவுக்குச் சொல்லவில்லை.

ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர்.
திருத்துறைப்பூண்டி போர் தண்ணீர் உப்பு,
கண்ணாடியில் வெள்ளை படியும்.
பேட்டரிக் கடையில் போய்க் கேன் கேட்டோம்.
"என்ன வண்டி?" என்றார் கடைக்காரர்.
"மீனு," என்றாள் நூர்நிஷா.
இன்றைக்கும் எங்களைப் பார்த்தால் ஹாரன் அடிக்கிறார்.

கத்தரி நுனியைத் தூக்கிப் பிடித்து
வாலடியிலிருந்து மேலே போகவேண்டும்,
உள்ளே ஒன்றும் கிழியாமல்.
அம்மாவின் தையல் மிஷினுக்குக் கீழே
வளர்ந்த கை எனக்கு. கிழியவில்லை.
குடல் கொசுவர்த்தி மாதிரி சுருண்டிருந்தது.
பிரித்து ஸ்கேலில் வைத்தால்
மீனைப்போல் ஆறு மடங்கு, இன்னும் கொஞ்சம்.
ஆனால் காலி.
சேறில்லை, பாசியில்லை, ஒரு புழு இல்லை.
பள்ளம் முழுக்கப் பாசிதான் என்றானே அண்ணன்.
"பட்டினி கெடந்திருக்குடி."

பல் தெரியட்டும் என்று
வாய்க்குள் தீக்குச்சி முட்டுக் கொடுத்தபோது
செவுளோரம் மஞ்சளாக ஒன்று.
இடுக்கியில் எடுத்தேன். பக்கத்தில் இன்னொன்று.
கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு,
ஒவ்வொன்றிலும் இரண்டு கரும்புள்ளி.
கண்.

மீதியை வலையிலேயே துப்பியிருக்கும்.
ஒன்பதை மட்டும் துப்ப முடியாமலோ
மனசில்லாமலோ
அது பாடத்தில் வராது.

கையுறை இல்லை,
பால் கவரை மாட்டி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டோம்.
செதில் துடுப்பெல்லாம் விரித்துத்
தெர்மாகோலில் குண்டூசி குத்தி,
வயிற்றில் ஊசி போட்டு,
கண்ணாடித் துண்டோடு வெள்ளை நூலில் கட்டி.
பாட்டில் எலுமிச்சை ஊறுகாய்க்கு இருந்தது,
எத்தனை தடவை கழுவியும்
மூடி மட்டும் ஊறுகாய்தான்.
கண்ணில் தண்ணீர் கொட்டியது இருவருக்கும்.
ஃபார்மலின் அப்படித்தான் என்று
மாறி மாறிச் சொல்லிக்கொண்டோம்.

முட்டைகளுக்கு ஊசி மருந்துக் குப்பி எடுத்து வைத்திருந்தேன்.
நூர்நிஷா என்னைக் கேட்கவில்லை.
தீக்குச்சியை உருவினாள்.
ஒவ்வொன்றாகத் திரும்ப உள்ளே வைத்தாள்,
ஒன்பதும்.
வாயைச் சேர்த்து
நூலால் ஒரு சுற்று.

அதே வாரம் மீன் மார்க்கெட்டில் சோதனை,
தாளில் சொட்டு விட்டுப் பார்த்து
ஒரு வண்டிக் கொடுவாயைக்
குழி தோண்டிப் புதைத்தார்கள், ஃபார்மலின் என்று.
எங்கள் மீனுக்கு
மேஜை, வெள்ளைத் துணி, ரோஜாப் பூ.

நடுவர் மன்னார்குடியிலிருந்து வந்திருந்தார்.
குடலை ரசித்தார். குனிந்தார்.
"வாய ஏம்மா கட்டி வச்சிருக்கீங்க?
பல்லு காட்ட வேணாமா?"
அப்புறம் உள்ளே மிதந்த சீட்டைப் படித்தார்:
வாய்: உணவை உட்கொள்ள, மற்றும்
"மற்றும்னா? மற்றும் என்ன?"
நான் நூர்நிஷாவைப் பார்த்தேன்.
அவள் ரோஜாவை நேராக வைத்துக்கொண்டிருந்தாள்.
நான்கு மதிப்பெண் போயிற்று.
பரிசு சொட்டுநீர்ப் பாசனத்துக்கு.

ஜூன் கடைசியில் மதகில் தண்ணீர் சத்தம்.
நாங்கள் பன்னிரண்டு.
பாட்டில் ஆய்வகத்தில்,
சாரைப்பாம்புக்கும் உடைந்த உலக உருண்டைக்கும் நடுவே.
மீன் வெளுத்துச் சுண்ணாம்பாகிவிட்டது.
வெளியே ஒட்டிய சீட்டில்
எங்கள் பெயரைப் பேனாவால் எழுதியிருந்தோம்,
ஊதாக் கறை மட்டும் மிச்சம்.
உள்ளே இருப்பது பென்சில்.
இன்னும் தெளிவாகப் படிக்கலாம்,
மற்றும் வரைக்கும்.