வரிசை எண் 212

தோட்டம் இருந்தால் ஒரு பிரிவு,
இல்லாவிட்டால் வேறு பிரிவு என்றார் இன்ஸ்பெக்டர்.
அதைப் பார்க்கத்தான் ஜீப்பில் ஏறினோம்.
இருபது கொண்டை ஊசி வளைவு.
பதினான்காவதில் எனக்கு வாந்தி.

நாகலூருக்கு அப்பால்
தோட்டம் இருந்தது.
சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகு,
கீழே காப்பி, கட்டிப்போடாத ஒரு நாய்.
காயின் விற்கக் கோகுலவாசன் காட்டிய வீடியோவில்
இதே நாய்தான் குரைக்கிறது.

குத்தகைப் பத்திரம் மட்டும்
மார்ச் ஒன்பதோடு முடிந்திருந்தது.
அதுவரை விற்றது
பதிவு செய்யாத பங்கு.
அதன்பின், தோட்டம் என்னுடையது என்று சொல்லி விற்றது
மோசடி.
ஸ்கேல் வைத்து 212க்குக் கீழே
சிவப்பில் கோடு போட்டேன்.
ரைட்டர் வேலை.

அம்மாபேட்டை சௌடேஸ்வரிக்கு
கோட்டுக்கு மேலே ஒரு பெயர், கீழே ஒரு பெயர்.
பிப்ரவரியில் நாற்பதாயிரம், சீட்டு எடுத்தது.
மார்ச் பதினொன்றில் வளையலை வைத்து இன்னொரு முப்பது.
இரண்டும் குற்றம்தான், தண்டனைதான் வேறவேற
என்று பொறுமையாகத்தான் சொன்னேன்.

மேல் பெயரில் விரலை வைத்தார்,
எடுக்கவில்லை.
"அப்ப பிப்ரவரில அவன் எங்கிட்ட
உண்மையா பேசுனான்னு எழுதியிருக்கீங்களா?"

எழுதலைங்கம்மா,
கோடு போட்டிருக்கேன்.