தனி வளை

காகிதத்தில் அதன் பெயர் ஃப்ளியோமிஸ்.
ஃபைசல் வாயில் அது நுழையவில்லை.
"பெரிய எலி, இரண்டு" என்று எழுதி
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தான்.

அல் தைத் தாண்டி அர்பாபின் தோட்டம்.
வெளியே நாற்பத்தெட்டு டிகிரி.
கூண்டுக்குள் இருபத்து மூன்று,
மணிக்கொரு தரம் குழாய் மூடுபனி தூவும்.
வெள்ளை உடம்பு, கண்ணைச் சுற்றிக் கரி,
டிரைவர் வளர்க்கும் பூனையைவிட எடை கொஞ்சம் கம்மி.
சிமெண்ட் மரத்தின் பொந்தில் சுருண்டு
பகலெல்லாம் தூங்குவாள்
லூசோன் தீவின் மலைக்காரி.

கேம்பில் எங்கள் அறைக்கு எட்டுக் கட்டில்.
மேல்கட்டில்காரன் புரண்டால்
என் முகத்தில் துரு உதிரும்.
எலி வளையானாலும் தனி வளை என்பார்கள்.
எலிக்குக் கிடைத்திருக்கிறது.

இரவு ஷிப்டில் என்னோடு டுலாவன்.
அதே தீவு, அதே மலை.
முதல் நாள் கம்பியில் மூக்கை வைத்து
தன் பாஷையில் ஏதோ சொன்னான்.
நலம் விசாரிக்கிறான் என்று நினைத்தேன்.

"இதைச் சுட்டால்," என்றான் திரும்பி,
பாதி இந்தி, பாதி அரபி,
மீதிக்கு விரல்கள்,
"ரோமம் பொசுங்கும் வாசனை
மூன்று வீடு தாண்டிப் போகும்.
இலை தின்கிற பிராணி. சுத்தமான கறி."

சொல்லிவிட்டுக் கேமராவைப் பார்த்தான்.

நான் சிரிக்கவில்லை.
ஒன்பது வருஷமாக
அறையில் ஒருவனிடமும் சொல்லாததைச் சொன்னேன்:
அறுப்பு முடிந்த வயல்,
வரப்பில் ஒரு துளை விட்டு மற்றதெல்லாம் அடைத்து
பானையில் புகை மூட்டி ஊதுவது,
வளைக்குள் எலி சேர்த்த நெல்லை
அம்மா கிண்டி முறத்தில் அள்ளியது.
கறி ஒரு நாளைக்கு. நெல் ஒரு வாரத்துக்கு.
பள்ளிக்கூடத்தில் எனக்கு வைத்திருந்த பெயரை மட்டும்
எந்த பாஷையிலும் சொல்லவில்லை.

போன வெள்ளிக்கிழமை
விடியும் முன் பொந்தில் ஒரு கீச்.
ஒரே ஒரு குட்டி.
அவள் கிளையேறினாள்.
முலைக்காம்பைக் கவ்வியபடி
அதுவும் இழுபட்டுப் போனது, விடவில்லை.
ஃபைசலுக்குப் போன் போட்டோம்.
அர்பாப் தூங்குகிறார், நோட்டில் எழுது என்றான்.

நேரம்: நாலு பத்து. எண்ணிக்கை: மூன்று.
'சொந்த நாடு' என்ற கட்டத்தில்
டுலாவன் பேனாவை வைத்து
வெகுநேரம் எடுக்கவில்லை.
மை ஊறிப் புள்ளி பெரிதானது.
அப்படியே விட்டுவிட்டு
கொய்யா இலை நறுக்கப் போனான்.

ஆறு மணிக்குக் கேம்ப் பஸ்.
பல்லில் பிரஷ்ஷோடு மேல்கட்டில்காரன் கேட்டான்,
தோட்டத்தில் என்ன விசேஷம்?
எலி குட்டி போட்டிருக்கு, என்றேன்.
ச்சீ, என்று
நுரையைத் துப்பினான்.