தற்காலிகம்

கொழும்பில் ஏற்றம் என்று ஒன்று இருந்தால்
அது மருதானைப் பாலம்.
மூச்சு வாங்காமல் ஏறிவிடலாம்.
அதற்குப் பக்கத்தில், மூன்றாம் மாடிக் கந்தோரில்,
கந்தப்பளைக்கு மேலே ஒரு யூக்கலிப்டஸ் சரிவுக்கு
லொறிப் பாதை கீறுகிறேன்.
இரண்டு பருவம் தாங்கினால் போதும் என்கிறது கோப்பு.
மரம் இறங்கி முடிந்ததும்
பாதை இல்லாமற் போய்விட வேண்டும்.

சமவுயரக் கோடுகள் நெருங்கி நெருங்கி
விரல் ரேகை மாதிரி.
யாருடைய விரல் என்று நான் கேட்பதில்லை.

முன்னொரு பாதையும் இரண்டு பருவத்துக்குத்தான்.
ஆறு வருடம் ஓட்டினார்கள்.
வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் தள்ளி,
அடிக்கட்டை, கிளை எல்லாம் உள்ளே புதைத்து
அகலம் காட்டியிருந்தார்கள். படத்தில் என் கையெழுத்து.
கட்டை உக்கியது.
மண் ஓர் ஆனி மழைக்குக் காத்திருந்தது.
செபமாலை கதவால் பாய்ந்தார்.
லொறி போயிற்று, குதிகாலும்.

இப்போது தள்ளிய மண்ணை நான் நம்புவதில்லை.
முழு அகலமும் மலைக்குள்ளேயே வெட்டு.
தளம் வெளிப்பக்கம் சரியட்டும்,
கழுவிய கோப்பையைச் சாய்த்து வைக்கிற அளவு.
இருபது மீற்றருக்கொரு குறுக்குத் திட்டு, சாய்வாக.
தண்ணீரைக் கூட்டம் கூட விடாதே.
நாலு துளி சேருமுன் கலைத்துவிடு.

எழுதிவிட்டு அந்த வரியைப் பார்த்தேன்.
எங்கோ சந்தியில், ஒலிபெருக்கியில் கேட்ட குரல்.
வெட்டிவிட்டு மாற்றினேன்:
'நீர் தங்காமல் வெளியேற வேண்டும்.'
அது இன்னும் மோசம்.

கொட்டாஞ்சேனையில் அறை எடுத்த நாள்
பொலிஸ் பதிவுத் தாளில்
'தங்கும் காலம்' என்ற இடத்தில்
தற்காலிகம் என்று எழுதினேன்.
பத்தொன்பது வருடம். அதே அறை,
அதே ஒழுகும் பைப்.

கடைசித் தாள், மூடும் முறை:
மதகுக் குழாயைப் பிடுங்கு. தளத்தைக் கிளறு.
புல் விதை தூவு.
அதை அச்செடுக்கும்போது செபமாலை வந்தார்,
நட்டஈட்டுக் கடிதத்துக்கு, ஏழாவது தடவை.
லிப்ட் பழுது. அந்தக் காலோடு மூன்று மாடி.
மேசையில் கிடந்த படத்தைத் தலைகீழாகவே வாசித்தார்.
"மூடப் போறீங்களா மிஸ்?
பழைய ரோட்டு சரிஞ்ச பிறகும்
லயத்துப் புள்ளைங்க அதுலதான் ஸ்கூலுக்குப் போகுது.
இதுலயும் போகும்."

படிவத்தைப் புரட்டினேன்.
பாவனையாளர் என்ற கட்டத்தில்
என் கையெழுத்தில் ஒரே சொல்: மரம்.
பக்கத்தில் இடமிருந்தது,
ஒரு விரல் அகலம்.