இரண்டரைக்குப் பிறகு வாங்க

இரண்டரைக்குப் பிறகு வாங்க என்றார்கள்.
ஐயா சாப்பாட்டுக்குப் போய்விட்டார்,
என் காணிக் கோப்பு அவர் மேசையில்,
மேலே ஒரு கல்.
மணி பன்னிரண்டே கால்.

வெல்லாவெளிக்குப் போய்த் திரும்ப நேரம் காணாது.
பங்குனி வெயிலில் கோட்டை மதிலுக்கே
ஒரு முழ நிழல்தான்,
அதிலும் இரண்டு நாய்கள்.
குடையை விரித்தேன்.

இந்தப் புளியந்தீவுக்கு நான் வராதவள் இல்லை.
ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறேன்.
தம்பியைக் கேட்டு முகாம் வாசலுக்கு,
பிறகு அவனுடைய சான்றிதழுக்கு மூன்று தரம்.
பாலம் தாண்டும்போதே
கையில் அடையாள அட்டை, வாயில் பதில்.
எங்கே, யாரிடம், என்னத்துக்கு.
வரிசைகளாகத்தான் இந்த டவுன் எனக்குத் தெரியும்.
வரிசையில் நிற்கிறவள்
முன்னாலிருக்கிறவளின் கொண்டையைப் பார்ப்பாள்,
கூரையைப் பார்ப்பாளா?

கூரைகள் சரிவானவை. ஓடுகளுக்கிடையில்
அரசங்கன்று ஒன்று, நான்கு இலை,
நான்கும் செம்புநிறத் தளிர்.

வாவியைக் குறிபார்த்தபடி பழைய பீரங்கி.
அதன் வாய்க்குள் யாரோ
யோகட் கோப்பை வைத்துப் போயிருக்கிறார்கள்,
கரண்டியோடு.

ஒழுங்கைக்குள் கிறுகினால் வேம்பு.
ஊரே கவனிக்காமல் பூத்துக் கொட்டிக்கொண்டிருக்கிறது.
மிதிக்காமல் நடக்கப் பார்த்தேன்,
பத்து எட்டில் அலுத்துப்போய்
செருப்பைக் கழற்றி மிதித்தேன்.

கோயிலுக்குள் தவக்காலம்.
சுரூபங்களை ஊதாத் துணியால் மூடியிருந்தார்கள்.
எது தோள், எது குழந்தையின் தலை என்று
துணிக்கு மேலால் ஊகித்துக்கொண்டு நின்றேன்.
கடைசி வாங்கில் ஒருவர்
ஹெல்மெட்டைத் தலைக்கு வைத்து நித்திரை.
மருந்துக் கொம்பனிப் பையொன்று
அவர் காலோடு கட்டியிருந்தது.

ளுஹருக்குச் சாத்தின ஒரு துணிக்கடை.
கதவு திறந்தபடி, குறுக்கே ஒரு கயிறு.
கயிறு போதும் என்று நம்புகிற கடை.

வருசத்துக்கு ஒரு மதிலுக்கு மஞ்சள் அடிக்கிறார்கள்.
மஞ்சளுக்குக் கீழே பச்சை,
பச்சைக்குக் கீழே ரோஸ்,
அதற்கும் கீழே வரிசையாய்ச் சின்னக் குழிகள்.
பெயின்ற் அடிக்கிற பெடியன்
சீமெந்தை விரலால் அப்பிக்கொண்டு சொன்னான்,
"சுவர்ப் பூச்சி அக்கா, எவ்வளவு அரிச்சிருக்கு பாருங்க."
இருபது வயசு இருக்காது அவனுக்கு.
ஓம், நல்லா அரிச்சிருக்கு என்றேன்.

அடுத்த வளவில்
சைக்கிள் செயினைப் பல்துலக்கும் பிரஷால் தேய்த்தபடி
ஒரு பறங்கி மனுசன். கேற்றில் பெயர்:
இ. பல்தசார், கீழே
நாய் இல்லை.
நிமிர்ந்து பார்த்தார்.
"எங்க போறீங்க?"

கை தானாகப் பைக்குள் போனது,
அடையாள அட்டையின் விளிம்பைத் தொட்டது.
வாய்க்குள் காணி, கச்சேரி, ஐயா
எல்லாம் வரிசையில் நின்றன.
"சும்மா" என்றேன்.

என் குரலா அது என்று எனக்கே சந்தேகம்.
நாற்பத்தெட்டு வருசத்தில்
இந்தத் தெருவில் நான் சொன்ன முதலாவது சும்மா.

மனுசன் கொஞ்சம் யோசித்தார்.
"சும்மா எண்டா அந்தப் பக்கமாப் போங்க.
இந்தப் பக்கம் முழுக்க வேலையுள்ள ஆக்கள்."

அந்தப் பக்கம் வாவி.
மீன் பாடுகிறதா என்று நான் கேட்கவில்லை.
ஒரு வள்ளத்தின் மோட்டாரைத்
தொண்டைக்குள் வைத்துக்கொண்டு
அது செருமிக்கொண்டிருந்தது.
முன்பு சென்றி இருந்த மூலையில்
ஐஸ் பழ வண்டி. ஒன்று வாங்கினேன்.
மறுகா இன்னொன்றும் வாங்கினேன்.
காற்று வந்தது, குடை மறுபக்கம் மடிந்தது,
தோணியிலிருந்த ஒருவன் சிரித்தான்,
நானும்.

கோட்டை வாசலுக்கு வந்தபோது மூன்றே கால்.
ஐயா வந்து, கூட்டத்துக்குப் போய்விட்டாராம்.
நாளைக்கு வாங்க என்றார் காவலாளி,
நான் கத்துவேன் என்று
முகத்தை ஆயத்தமாக வைத்துக்கொண்டு.

எத்தனை மணிக்குச் சாப்பிடப் போவார் என்று கேட்டேன்.
பன்னிரண்டு, பன்னிரண்டே கால்.

அப்ப பன்னிரண்டரைக்கு வருகிறேன் என்றேன்.
லைற்ஹவுஸ் பக்கம் இன்னும் போகவில்லை.