அங்கிட்டுப் பேஞ்சிருச்சு

அப்பாவுக்கு மழை
இரண்டு இடத்தில் பெய்தது.

புதுவயல் ரைஸ் மில் களத்தில்
பெய்தால் நஷ்டம்.
கண்மாய்க்குக் கீழே எங்கள் முக்கால் ஏக்கரில்
பெய்யாவிட்டால் நஷ்டம்.
இரண்டுக்கும் நடுவே ஆறு கிலோமீட்டர்,
ஒரு சைக்கிள்,
பின்சக்கரத்தில் காற்று நிற்காது.

ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போவார்.
தொட்டியில் ஊறிய நெல் அவிந்து இறங்கும் நேரம்.
விடியும்போது களம் முழுக்க ஆவி,
அதற்குள் அவர் கால்கள் மட்டும் தெரியும்.
பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து நடப்பார்
இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு.
நடந்த இடமெல்லாம் வரிவரியாகச் சால் விழும்.
திரும்பி வரும்போது அதையே அழிப்பார்.
ஒரு நாளைக்கு எத்தனை நடை என்று
தம்பி அடைக்கலம் ஒருமுறை எண்ண உட்கார்ந்தான்.
நூற்றுப் பதினொன்றில் தூங்கிப்போனான்.

சிமெண்டுத் தரை. சித்திரை வெயில்.
செருப்புப் போட்டால் நெல் நசுங்கும் என்பார்.
மேஸ்திரி செருப்போடுதான் நடந்தார்,
அது வேறு.

குதிகால் வெடிப்பில் நெல் சிக்கியிருக்கும்.
அம்மா விளக்கடியில் அந்தக் காலை மடியில் வைத்து
தாலிக்கயிற்று ஊக்கை எடுத்து நெம்புவாள்.
வந்த நெல்லைக் கோழிக்குப் போடுவாள்.
"மில்லுக்காரக நெல்லைத் திருடித் திங்குது நம்ம கோழி"
என்பார் அப்பா.
அவர் சொன்ன ஒரே வேடிக்கை.
வருஷக்கணக்கில் அதையே சொன்னார்.
நாங்கள் வருஷக்கணக்கில் சிரித்தோம்.

மேகம் கருத்தால் மில்லில் சங்கு ஊதும்.
பள்ளிக்கூடம் இல்லாத நாளில்
நானும் களத்தில் இருப்பேன்.
எல்லோரும் ஓடுவோம்.
பலகையால் தள்ளி, குவித்து,
தார்ப்பாயை இழுத்து, மூலைக்கு மூலை கல் வைத்து.
நனைந்தால் கூலியில் பிடிப்பார்கள்.

ஒரு கார்த்திகைக் கடைசி.
கல்லையும் தூக்கிக்கொண்டு பறந்தது தார்ப்பாய்.
அப்பா அதன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டார்.
முதுகில் மழை அடித்தது.
உதடு அசைந்தது.
நிற்கச் சொன்னாரா, பெய்யச் சொன்னாரா,
எனக்குக் கேட்கவில்லை.
வயலில் கதிர் பால்பிடிக்கும் பருவம்.
தண்ணீர் கண்டு பதினெட்டு நாள்.

மழை நின்றதும் சைக்கிளை எடுத்தார்.
நான் பின்னால் கேரியரில்.
பாதி வழிவரை ரோட்டில் தண்ணீர் ஓடியது.
கருவேலங்காடு தாண்டியதும்
புழுதி.
சக்கரத்து ஈரத்தில் புழுதி ஒட்டி
எங்களோடு வீடுவரை வந்தது.

"அங்கிட்டுப் பேஞ்சிருச்சு" என்றார் அம்மாவிடம்.
பிறகு சோறு போடச் சொன்னார்.

அந்த வருஷம் மாட்டை விற்றோம்.
அடுத்த தையில் எனக்குக் கல்யாணம்.
எப்படி முடிந்தது என்று
இன்றுவரை கணக்கு இடிக்கிறது.
கேட்டால், மில்லில் முன்பணம் என்பார்.
முன்பணம் என்றால்
பின்னால் நடக்கவேண்டிய நடை.
அவர் பெயர் சேவுகன்.
மில் நோட்டில் 'சேவு' என்று மட்டும் எழுதி
எதிரே கோடு கோடாகப் போட்டிருக்கும்,
களத்துச் சால் மாதிரியே.

போன ஆவணியில் போனார்.
குளிப்பாட்டும்போது அம்மா
குதிகாலைத்தான் முதலில் பார்த்தாள்.
ஒன்றுமில்லை.
முழங்கால் போய்க் களத்தை விட்டு
நாலு வருஷம் ஆகிறது.
வெடிப்பெல்லாம் மூடி வழவழவென்றிருந்தது.
"யாரு காலோ மாதிரி இருக்கு"
என்றாள்.

நான் இருப்பது திருப்பூரில், மூன்றாவது மாடி.
மழை என்றால் பக்கத்து வீட்டில்
சன்னலைச் சாத்துகிறார்கள், பஜ்ஜி போடுகிறார்கள்.
எனக்குக் கால் முதலில் கிளம்பிவிடுகிறது.
கொடியில் துணியே இல்லாத நாளிலும்
படியில் பாதிதூரம் ஓடி நின்று யோசிக்கிறேன்,
எதை மூட?

அங்கேயே நின்று
அடைக்கலத்துக்குப் போன் போடுகிறேன்:
"அங்கிட்டுப் பேயுதாடா?"