பதினாறாம் ஜூமில் உவரி

மூன்று வரைபடங்கள் திறந்து கிடக்கின்றன.
வண்ணார்பேட்டை மாடி அறை, இரவு ஒன்றே முக்கால்.
மேம்பாலத்தில் நாகர்கோவில் பஸ் ஒன்று
கியர் மாற்றித் திணறுகிறது.

முதல் வரைபடம் அழகி.
உவரிக் கரையில் வள்ளங்களை எண்ணலாம்,
காயப்போட்ட வலையின் நிறம்கூடத் தெரியும்.
கடலுக்குள் கொஞ்சம் போனால்
யாரோ கத்தரித்து ஒட்டிய நீலம்.
அதற்குச் சாவி வேண்டும்,
சாவிக்கு வங்கி அட்டை எண்,
பார்வைகள் கூடினால் பில்.
சும்மா கொடுக்கிற மென்பொருளுக்குள்
ஆட்டோ மீட்டர் ஓடும்.

இரண்டாவது உருண்டை. சுழற்றினால் சுழலும்.
கல்யாணத்துக்கு அழைத்தால்
தெருவையே வேன் பிடித்துக் கூட்டிவரும் தாய்மாமன் மாதிரி
எண்பது எம்பி நூலகங்களோடு வந்து இறங்கியது.
தொபியாஸின் பழைய லேப்டாப்பில்
விசிறி ஊளையிட்டது, அவ்வளவுதான் பலன்.

மூன்றாவது, ஆளாளுக்குக் கூடி வரைந்தது.
திசையன்விளை முக்கில் டீக்கடை,
பனங்காட்டுக்குள் நுழைந்து காணாமல் போகும் ஒற்றையடி,
எல்லாம் இருக்கிறது.
கடல் மட்டும் ஒரே நீலம்.
நூற்றி எழுபது, இருநூற்றுப் பதினொன்று, இருநூற்று இருபத்து மூன்று:
மூன்று எண்ணில் முடிந்த கடல்.

தொபியாஸுக்குக் கடலடியில் மீன் எண்ணுகிற வேலை.
மணிக்கட்டுக் கணினி
பத்து நொடிக்கொரு தரம் ஆழம் எழுதும்,
தண்ணீரின் சூடு எழுதும்.
இடம் எழுதாது.
நீருக்குள் செயற்கைக்கோள் பேச்சு எடுபடாது.
குதித்த புள்ளி உண்டு, தலை தூக்கிய புள்ளி உண்டு,
நடுவே நாற்பத்திரண்டு நிமிடம்
அவன் எந்த வரைபடத்திலும் இல்லை.

"எறங்குன எடம் தெரிஞ்சா போதும், வேற என்ன" என்கிறான்.

சனிக்கிழமை நானும் வள்ளத்தில் போனேன், சோதித்துப் பார்க்க.
ஐந்து கடல்மைலில் சிக்னல் செத்தது.
அழகி சாம்பல் கட்டங்களாய் உதிர்ந்தாள்.
வாந்தியை அடக்கிக்கொண்டு நான் திரையைத் தட்ட,
வள்ளத்துச் சொந்தக்காரர் கிளாடுவின், தொபியாஸின் மச்சான்,
கரையைப் பார்த்துக்கொண்டே எஞ்சினை அணைத்தார்.
கோயில் உச்சியும் மூன்றாவது காற்றாலையும்
ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்க வேண்டும்.
மேற்கே செல்போன் கோபுரம் பனைக்கூட்டத்தை விட்டு
ஒரு விரல்கடை விலக வேண்டும்.
கணியம் சரி. கீழே பார்.
கூடப்பிறந்தவனுக்கும் அவர் சொல்லாத பார்.
தொபியாஸ் மல்லாந்து விழுந்தான், குமிழிகள் வந்தன.

இப்போது, இந்த இரவில்,
வலைப்போக்குவரத்துப் பதிவைத் திறந்து பார்த்தால்
கழுத்தில் வேர்க்கிறது.
நான் அந்தப் புள்ளியை நெருங்க நெருங்க
வரைபடம் எங்கோ ஒரு சர்வரிடம் கேட்டிருக்கிறது:
இந்தச் சதுரம் கொடு, இதற்குள் இந்தச் சதுரம் கொடு.
வெறும் நீலத்தை ஒருத்தி
பதினேழு தரம் எதற்குக் கேட்கிறாள்?
கேட்டவன் முட்டாளாக இருக்க வேண்டுமே, ஆண்டவரே.

அந்தச் சதுரத்தின் எண்ணை இங்கே எழுத மாட்டேன்.

ஆகவே மூன்றாவது.
அதிலும் ஒரு திருத்தம்:
மணப்பாடு தொட்டுக் குமரிவரை
கரை முழுவதையும் ஒரே கேள்வியில் வாங்கி
வட்டில் போட்டுவிட வேண்டும்.
மொத்தமாய்க் கேட்டால்
எதற்காகக் கேட்டோம் என்பது தெரியாது.
பிறகு வரைபடம் வாயைத் திறக்காது.

பெர்கனிலிருந்து ஹால்வர் எழுதுகிறான்:
முக்குளிப்போருக்கான மென்பொருளில்
கடல் இவ்வளவு காலியாகவா இருப்பது?
பன்னிரண்டு வரி பதில் அடித்தேன். அழித்தேன்.
"ஆமாம்" என்று மட்டும் அனுப்பினேன்.

திரையில் நீலம்.
நீலத்தில் ஒரு சிவப்பு ஊசி.
ஜூம் மாறும்போது ஒரு பிக்சல் தெற்கே நழுவுகிறது,
காரணம் தெரியவில்லை.
கிளாடுவின் பார்த்தால் சந்தோஷப்படுவார்.
தொபியாஸ் சண்டைக்கு வருவான்.
நாளைக்குப் பார்க்கலாம்.