தண்ணிக் கழிவு

விடிந்ததும் வெளிக்குப் போய்வந்து
தேத்தண்ணிக்கு முன்னால்
தராசில் ஏறுகிறேன்.
அம்பத்திரண்டு முந்நூறு.
கலண்டரில் நேற்று எழுதியது
அம்பத்திரண்டு நூறு.
பயமில்லை.

தீபாவளி முற்பணத்தில்
சேலைக்கு ஒதுக்கிய காசு இந்தத் தராசு.

இருபத்தாறு வருஷம்
கொழுந்து மடுவத்தில்
ஈரக் கொழுந்து, ஈரக் கொழுந்து என்று
நிறுவைக்கு ரெண்டு கிலோ கழித்தார்கள்.
வெயில் காய்ந்த மாசியிலும் கழித்தார்கள்.

இப்போது கண்டியில் டொக்டர் சொல்கிறார்:
மூணு நாளில் ரெண்டு கிலோ ஏறினால்
அது சதையில்லை, தண்ணி.
உடனே வாங்க.

மார்பில் வந்ததை மகரகமவில் வெட்டினார்கள்.
பிறகு சிவப்பு மருந்து, நாலு தரம்.
ஒண்ணுக்குப் போனாலும் சிவப்பு.
மயிர் கொட்டியது, முளைத்தது.
பேர் போட மலைக்குத் திரும்பினேன்.
ரெண்டாம் வருஷம்
பத்தாம் நம்பர் மலையில் பாதி ஏறுமுன்
மூச்சு என்னை விட்டுவிட்டு மேலே போனது.
கூடையை இறக்கிவைத்துக்கொண்டு
குளிர் என்றேன். வயசு என்றேன்.
படுத்தால் இருமல்; மூணு தலையணை.
கணுக்காலில் பெருவிரலை அழுத்தினால்
குழி அப்படியே நின்றது.

சிவப்பு மருந்து இருதயத்திலும் பட்டிருக்கிறது என்றார்கள்.
வீட்டுக்காரருக்கு விளக்கத் தேவைப்படவில்லை.
முதுகில் டாங்கி கட்டிப் புல்லுக்கு மருந்தடிப்பவர்.
காற்று திரும்பினால் தேயிலைத் தூரும் கருகும்,
அவருக்குத் தெரியும்.
அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

ஸ்கேனில் இருதயம்
நூற்றுக்கு முப்பத்தெட்டு.
"முப்பத்தஞ்சு எடுத்தாலே பாஸ்தானே அம்மா"
என்றாள் யோகலோஜினி.
இந்த டிசம்பரில் அவளுக்குச் சோதனை.

கவ்வாத்து வெட்டின மலை மாதிரி
துளிர்த்திடும் என்கிறாள் பக்கத்துக் காம்பரா அன்னபாக்கியம்.
டொக்டர் அப்படிச் சொல்லவில்லை.
சிலருக்கு ஏறும், சிலருக்கு அப்படியே நிற்கும்,
மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீங்க.

காலையில் அரை, ராத்திரி அரை.
ஒன்றரை லீட்டர் போத்தல்,
அதற்குள்தான் ஒரு நாளின் தாகம் முழுக்க.
"லுணு எப்பா அக்கா" என்கிறார் நிலூஷா மிஸ்.
நெத்தலி எப்பா, கருவாடு எப்பா, சூப் கட்டி எப்பா.
சாயங்காலம் பிள்ளைக்காம்பரா வரை நடக்கணும்.
பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதுமாம்.
அதனால் அன்னபாக்கியமும் வருகிறாள்,
பேச்சுக்கு அவள் பொறுப்பு.

போன வியாழன் தராசு
அம்பத்திநாலு காட்டியது.
போனில் மிஸ் சொன்னபடி
தண்ணி மாத்திரை ஒன்று கூடுதலாய்.
அன்று மழை. கக்கூஸ் லயத்துக்குப் பின்னால்.
ஒரு கையில் டோர்ச், ஒரு கையில் குடை,
பன்னிரண்டு படி, ஏழு தரம்.
விடியும்போது ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தது.

எத்தனையோ கிலோ எழுதாமல் போயிருக்கிறது.
இந்தக் கழிவை மட்டும்
என் கையால் கலண்டரில் எழுதினேன்.

மகள் ரொட்டி தட்டுகிறாள், உப்பில்லாமல்.
நாலு மாசமாகிறது.
இன்னும் பழகவில்லை.